மஞ்சள் ஸ்டிக்கர்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ கண்ணு. எனக்கு வேண்டாம். முப்பது வருசத்துக்கு மேல இந்த மலையில ஏறி எறங்கறேன், எனக்குத் தலை சுத்தாது. நீதான் மொத வளைவுக்கே வெளுத்துப் போயிட்ட. இந்தா, எலுமிச்சம்பழம். மோந்துக்கிட்டே வா. யாராவது பேசறதைக் கேட்டுக்கிட்டு வந்தா வாந்தி வராது, நான் பேசறேன்.

நான் காரமடை போறேன். தங்கச்சி வீடு. விசேஷம் ஒண்ணும் இல்ல. பை கனமா இருக்குதே, பாத்தியல்ல, பத்து சேலை வெச்சிருக்கேன். எப்பத் திரும்புவேன்னு யாருகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர் கேக்கவும் இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து பையை மேல தூக்கி வெச்சாரு. கீழ எறங்கி நின்னாரு. மாத்திரை எடுத்துக்கிட்டியான்னு கேட்டாரு. பஸ் எடுத்துட்டாங்க. நாலு மாசம் என்னை ஏமாத்தின மனுசனுக்குக் கடைசியில கேக்கறதுக்கு மாத்திரைதான் கெடைச்சுது.

ஒண்ணு முன்னாலயே சொல்லிர்றேன். இந்த போன் அடிச்சா மட்டும் பேச்சை நிறுத்திருவேன், தப்பா நினைச்சுக்காத. பட்டன் போன்தான், பழசு. காட்டேரி தாண்டினா டவர் போயிரும், மறுபடி கல்லாறுலதான் வரும். அடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கையில வெச்சிருக்கேன்.

அவரு குன்னூர்ல கீசர் மெக்கானிக். பேரை நான் வாயால சொல்றதில்ல, இரு, பையில இருக்கு. இதா, இந்த மஞ்ச ஸ்டிக்கர். மேல இருக்கறது அவரு பேரு. கீழ பெருசா போட்டிருக்குதே, அந்த நம்பர் என்னோடது. இந்த போன் நம்பர்தான். கீசர் ரிப்பேர் முடிஞ்சதும் அதோட வயித்தைத் துணியால தொடைச்சு, இந்த ஸ்டிக்கரை ஒட்டி, பெருவிரலால நாலு மூலையும் அமுக்கிட்டுத்தான் அவரு வெளிய வருவாரு. குன்னூரு, வெலிங்டன், அருவங்காடு, எந்த வீட்டு பாத்ரூமுக்கு வேணும்னாலும் போயிப் பாரு. மத்தவங்க பேரு கல்யாணப் பத்திரிகையில வரும். என் நம்பரு ஊர்ல எல்லார் பாத்ரூமிலயும் இருந்துச்சு.

சிரிக்கறியா, சிரி. வாந்திக்கு அது நல்லது.

அவருக்கு போன்ல பேச்சு வராது. நேர்லயே வராது, போன்ல எங்க வரும். 'ம்' ம்பாரு. எதிர்ல இருக்கறவங்க லைன் போயிருச்சுன்னு வெச்சுருவாங்க. கடை ஆரம்பிச்ச மொத மாசத்துலயே, இது ஆகாதுன்னு நானே போனை வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு இருந்து நாந்தான். விடியக்காலம் அஞ்சரைக்கு அடிக்கும் பாரு, அந்தக் குளிர்ல. எல்லாருக்கும் அப்பத்தான் சுடுதண்ணி வேணும், எல்லார் கீசரும் அப்பத்தான் காலை வாரும்.

எடுத்த உடனே மூணு கேள்வி கேப்பேன். ரெட் லைட் எரியுதா? மேல டேங்குல தண்ணி இருக்கா? காலையில இருந்து எத்தனை பேரு குளிச்சாங்க? இந்த மூணுலயே பாதி ரிப்பேர் முடிஞ்சுரும் கண்ணு. லைட் எரியலையா, மீட்டர் பெட்டிக்கிட்ட போயி மெயின் விழுந்திருக்கா பாருங்க. எரியுது, ஆனா தண்ணி பச்சத்தண்ணியா வருதா, அப்ப உள்ள காயில் போச்சு, அவரை அனுப்பறேன். சீக்கிரமே லைட் அணைஞ்சு தண்ணி வெதுவெதுன்னு இருக்குதா, அது தெர்மோஸ்டாட்டு. குடுகுடுன்னு சத்தம் வருதா, போனைக் கொஞ்சம் கீசர்கிட்ட வைங்க, நான் கேக்கறேன். ஆமா, போன்லயே கேப்பேன். உப்புப் படிஞ்ச காயில் ஒரு மாதிரி கத்தும். போர்வெல் தண்ணி வீடுகள்ல வரும். சேஃப்டி வால்வுல சொட்டுதுன்னு ஒரு அம்மா அழுவாங்க. சூடாகறப்ப சொட்டினா பயமில்லைங்க, அது சொட்டறதுக்குத்தான் வெச்சிருக்குது, ஆஃப் பண்ணின பின்னாடியும் சொட்டினா சொல்லுங்கன்னுவேன். போட்ட உடனே மெயின் விழுந்தா, மறுக்கா மறுக்கா போட்டுப் பாக்காதீங்க, அப்படியே விடுங்கன்னுவேன். நான் ஒரு ஸ்குரூ கழட்டினதில்ல. ஸ்பேனரைக் கையில பிடிச்சதில்ல. ஆனா எனக்குத் தெரியாத கோளாறு கிடையாது.

அருவங்காட்டுல ஒரு பொண்ணு. உன் வயசுதான் இருக்கும். அவ குளிக்கப் போறப்ப மட்டும் தண்ணி ஆறிப்போயிருதாம். அவரும் ரெண்டு தடவ போயிப் பாத்துட்டு வந்துட்டாரு, கீசர்ல ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன், உனக்கு முன்னால யாரு குளிக்கறாங்கன்னு. மாமனாராம். சுவிட்ச் எங்க இருக்குதுன்னேன். வெளியில, வராண்டாவுல. நாளைக்கு அவரு குளிச்சுட்டு வர்றப்பக் கதவுக்குப் பின்னால நின்னு பாருன்னேன். பாத்திருக்கா. மனுசன் தலையைத் துவட்டிக்கிட்டே சுவிட்சைத் தட்டிட்டுப் போறாரு. கரண்டு மிச்சமாம். அதுக்கு எந்த மெக்கானிக் வந்து என்ன பண்ணுவான்? அவ பிரசவம் ஆகற வரைக்கும் எனக்கு போன் பண்ணிக்கிட்டு இருந்தா. வேணிக்கா வேணிக்கான்னு. கமலவேணி என் பேரு, ஊருக்கு வேணிக்கா.

அவரு சாயந்தரம் வருவாரு. "என்னவாம்?" ம்பாரு. நான் வரிசையாச் சொல்லுவேன். இன்ன வீட்டுல காயில், இன்ன வீட்டுல வால்வு, இன்ன வீட்டுல ஒண்ணும் இல்ல, அவங்க சண்டையை முடிச்சா தண்ணி சூடாயிரும். நான் சொன்ன சாமானைத்தான் மறுநாள் பையில போட்டு எடுத்துட்டுப் போவாரு. ஒரு தடவகூட வேற எடுத்துட்டுப் போனதில்ல. எங்களுக்குள்ள பேச்சுன்னா அதுதான் கண்ணு. மத்த புருசன் பொண்டாட்டி என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நாங்க கீசரைத்தான் பேசுவோம். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

இப்ப பர்லியாறு வந்துரும், பஸ் நிக்கும். மங்குஸ்தான் வாங்கறதுன்னா வாங்கிக்கோ. வேண்டாமா? சரி, வயித்துல எதுவும் போடாத.

போன கார்த்திகையில ஆரம்பிச்சுது. நல்ல குளிரு. மூணு கீசரை ஒரே நாள்ல பாக்கற காலம். அவரு கோத்தகிரியில ஒரு லாட்ஜுல வேலை எடுத்திருந்தாரு, திங்கக்கெழமைதான் வருவேன்னுட்டுப் போயிட்டாரு. சனிக்கெழமை ஒரு போன். சிம்ஸ் பார்க் பக்கம் ஞானமுத்து சாருன்னு காலேஜ்ல வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு சம்சாரம் ரூபி டீச்சரு. தங்கமானவங்க, கிறிஸ்துமஸ் தவறாம எனக்குக் கேக்கு வரும். "குழாயைத் தொட்டா லேசா விறுவிறுங்குதும்மா"ன்னாரு சாரு. நான் சொன்னேன், அவரு திங்கக்கெழமை வந்துருவாரு சார், அதுவரைக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளிங்க, ஒண்ணும் பண்ணாதுன்னேன்.

ஊர்ல எல்லாரும் பண்றதுதானே? உங்க வீட்டுல பண்ணினதில்லையா? ஃபிரிட்ஜ் ஷாக் அடிச்சா செருப்பு, மிக்ஸி ஷாக் அடிச்சா செருப்பு. எங்க வீட்டுல வாஷிங் மிஷினுக்குன்னே ஒரு ஜோடி கிடக்கும். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல.

ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குக் கிளம்பறப்ப ரூபி டீச்சர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. அவங்க வயசுக்கு வழுக்கறதெல்லாம் சாதாரணம். நான் போயிப் பாக்கோணும்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டாரு. ஆஸ்பத்திரியில கூட்டம் சேத்த வேண்டாங்கறாங்கன்னாரு. இவரு மட்டும் வாரா வாரம் ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிட்டு வந்தாரு. அந்தக் கிறிஸ்துமசுக்கு எனக்குக் கேக்கு வரல. பாவம் படுத்திருக்காங்க, கேக்கா சுடுவாங்கன்னு நானும் விட்டுட்டேன்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற.

மார்கழி பொறந்துச்சு. போன் அடிக்கல. மொத ரெண்டு நாளு, சரி, வெயில் அடிக்குதுன்னு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு. மார்கழிக் குளிர்ல குன்னூர்ல ஒரு கீசர்கூடக் கெட்டுப்போகலைன்னா என்ன அர்த்தம்? போன்லதான் கோளாறுன்னு பக்கத்து வீட்டு போனை வாங்கி என் நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். நல்லா அடிக்குது. அவருகிட்ட கேட்டேன். "சீசன் டல்லு"ன்னாரு. ஆனா தினமும் காலையில கெளம்பிப் போறாரு. ஸ்பேனர் பை இல்லாமப் போறாரு. எங்கன்னா, சும்மா நாலு வீட்டைப் பாத்துட்டு வாரேம்பாரு. சாயந்தரம் வந்து உக்காருவாரு. "என்னவாம்?" கிடையாது. எப்படி இருக்கும்? போன் வந்தாத்தானே என்னவாம்.

நான் அஞ்சரைக்கு எந்திரிச்சு போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன் கண்ணு. ஏழு மணி வரைக்கும். அப்புறம் எந்திரிச்சு இட்லி ஊத்துவேன். அவரு அந்த போனுக்கு ரீசார்ஜ் மட்டும் மாசம் தவறாமப் பண்ணிக்கிட்டு இருந்தாரு. அதுதான் எனக்கு இப்ப நினைச்சாலும் வயித்தெரிச்சல்.

அடிக்கவே இல்லைன்னும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ரெண்டு போன் வந்துச்சு. ஒரு ஆம்பளைக் குரலு. ரெட் லைட் எரியுதுங்க, தண்ணி சூடாகலைங்க. நான் அரை மணி நேரம் நின்னு நிதானமாக் கேட்டுச் சொல்லுவேன். ரொம்ப தேங்க்ஸ்ங்க, சரியாயிருச்சுங்கம்பான். அடுத்த வாரம் வால்வு சொட்டுதும்பான். எனக்கு அன்னைக்குப் பூராத் தெம்பா இருக்கும். இவரு வந்ததும் சொல்லுவேன், அவரும் ம்னு கேட்டுக்குவாரு. பொங்கலுக்கு மேலதான் எனக்கு அந்தக் குரலு உறைச்சுது. பன்னு வாங்கப் போயிருந்தேன். பேக்கரி மணியன் உள்ள நின்னு யாருகிட்டயோ பேசறான், "சரியாயிருச்சுங்க"ன்னு. அதே குரலு. அவன் வீட்டுல விறகடுப்பு கண்ணு. அண்டாவுலதான் தண்ணி காயுது. அவன் வீட்டுல கீசரே கிடையாது.

அப்பவும் எனக்குப் புரியல பாரு. பைத்தியக்காரப் பய, வெளையாடறான்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன்.

நேத்து காலையில வெலிங்டன்ல ஒரு வளைகாப்பு. அருவங்காட்டுப் பொண்ணு சொன்னனே, அவளோட நாத்தனாருக்கு. அவளும் இருந்தா. என்னைப் பாத்ததும் சந்தனக் கிண்ணத்தை யாருகிட்டயோ குடுத்துட்டு உள்ள போயிட்டா. வேணிக்கான்னு ஓடி வர்றவ. சரி, வேலையா இருப்பாளாட்ட இருக்குதுன்னு கை கழுவ பாத்ரூமுக்குப் போனேன். போனா எங்க போனாலும் மேலதான் பாப்பேன், கீசரை. நீல ஸ்டிக்கர். அவரு பேரு இருக்கு. நம்பரு என்னோடது இல்ல.

ஒரு மூலையை நகத்தால சொரண்டினேன். உள்ள மஞ்ச தெரிஞ்சுது. நான் அங்கயே, அந்த ஈரத்துல நின்னுக்கிட்டு, அந்த நம்பருக்கு அடிச்சேன். "வணக்கம், கீசர் சர்வீஸ்"னு ஒரு பொண்ணு. அவரு பேரையும் சேத்துச் சொன்னா. குரலைக் கேட்டதும் யாருன்னு தெரிஞ்சு போச்சு. என் மருமக. இந்துஜா. என்கூட ஒரே வீட்டுல, நான் ஊத்தற இட்லியைத் தின்னுட்டு, துணி காயப்போடறேன்னு மாடிக்குப் போவாளே, இதுக்குத்தான் போயிருக்கா. என் மகன் திருப்பூர்ல இருக்கான், வாராவாரம் வருவான், அவனுக்கும் தெரிஞ்சிருக்கு.

நான் பேசல. அவளா கேக்கறா. "தண்ணியைத் தொட்டா ஷாக் அடிக்குதாங்க?" எடுத்த எடுப்புல அதைத்தான் கேக்கறா. நான் ஒருநாளும் அதை மொதல்ல கேட்டதில்ல. அப்புறம்தான் "ரெட் லைட் எரியுதாங்க?" அந்தக் கேள்வி என்னோடது. அந்த இழுவைகூட என்னோடதுதான். நான் சொல்லிக் குடுக்காமலே கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கா. நான் வெச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம். அவரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா.

"எப்ப இருந்து?"ன்னு கேட்டேன்.

அவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. அவதான் சொன்னா. "கார்த்திகையில இருந்து அத்தை."

"நான் என்ன பண்ணினேன்னு என் போனைப் புடுங்கினீங்க?"

"மாமா சொல்ல வேண்டாம்னாங்க."

"எதை?"

அவ மாமனாரைப் பாத்தா. அவ அந்தத் துண்டை மறுக்கா பிரிச்சு மறுக்கா மடிச்சா. "ரூபி டீச்சர் வழுக்கி விழல அத்தை. ஷாக் அடிச்சுத்தான் விழுந்தாங்க. காலுல செருப்பு இருந்துச்சு. ஒரு கையில குழாயைப் பிடிச்சிருக்காங்க, இன்னொரு கை ஈரச் செவுத்துல இருந்திருக்கு. இன்னும் எந்திரிச்சு நடக்கல. ஞானமுத்து சார் மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். அந்தம்மா இனிமே போன் எடுக்க வேண்டாம்னு."

கேட்டியா கதையை? நாலு மாசம் கழிச்சுப் பழியைத் தூக்கி என் தலையில வெக்கறாங்க. செய்யறதையும் செஞ்சுட்டு. ஷாக்குன்னு யாரு பாத்தது? பாத்ரூமுக்குள்ள யாரு போயிப் பாத்தா? எண்பது வயசு ஆகப்போற மனுசி, ஈரத்தரை. நான் ஊருக்கே சொன்னதைத்தான் அவங்களுக்கும் சொன்னேன். வேற யாராவது விழுந்தாங்களா? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல கண்ணு.

அவரு அப்பத்தான் வாயைத் திறந்தாரு. "உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன் வேணி."

தாங்க மாட்டேனாம். மணியன்கிட்டச் சொல்லி எனக்குப் பொய்யா போன் பண்ண வெச்சது தாங்குமாம். ஊர்ல வீடு வீடாப் போயி என் நம்பர் மேல இன்னொரு நம்பரை ஒட்டினது தாங்குமாம். ஸ்பேனர் பை இல்லாமப் போனது அதுக்குத்தான் கண்ணு, அந்த நீல ஸ்டிக்கர் கட்டோட. எனக்கு எதுல ஆறலைன்னா, அவருக்குப் பேச்சு வராதே. என்கிட்ட முப்பது வருசமா 'ம்' முன்னு இருந்த மனுசன், ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, இனிமே என் சம்சாரத்துக்கு போன் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்காரு. முந்நூறு வீடு இருக்கும். முந்நூறு வீட்டுலயும் பேச்சு வந்திருக்கு. எங்க ஒரு வீட்டுல, என்கிட்ட மட்டும் வரல.

நான் அழுதேனா? அழுதேன். அடுப்படியில நின்னு அழுதேன். அப்புறம் பையைக் கட்டினேன். போனையும் எடுத்துக்கிட்டேன். அலமாரியில மிச்சம் இருந்த மஞ்ச ஸ்டிக்கரையும் எடுத்துக்கிட்டேன். இதா, ஒரு கட்டு இருக்கு. உனக்கு ஒண்ணு தரட்டுமா? உங்க வீட்டுல கீசர் இருக்குதல்ல? கோயமுத்தூரா இருந்தா என்ன, போன்லதானே கேக்கப் போற. ஒட்டிக்கோ. எங்கயோ ஒரு வீட்டுல அவரு மறந்திருப்பாரு, பாக்கறேன். எல்லா மஞ்சளையும் ஒருத்தரால மூடிர முடியாது.

கல்லாறு வந்துருச்சு. இனி வளைவு இல்ல, நீ பொழைச்சுக்கிட்ட. மூஞ்சியில ரத்தம் வந்துருச்சு பாரு.

இரு. இரு கண்ணு. அடிக்குது. பாத்தியா, அடிக்குது. நான் சொன்னனல்ல.

ஹலோ. ஆமாங்க, கீசர் மெக்கானிக் வீடுதான். மணியனா பேசறது? இல்லையா. சரிங்க, சொல்லுங்க. எங்க இருந்து? ஓட்டுப்பட்டறை. எத்தனை வருசம் ஆச்சுங்க நாங்க வந்து ஒட்டி? அவரு வந்தப்ப வெளியூரு போயிருந்தீங்களா, அதான். சரி. ரெட் லைட் எரியுதாங்க?

இருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். தண்ணியைத் தொட்டா ஷாக் அடிக்குதா?

லேசாவா. விறுவிறுன்னா. எப்ப இருந்து?

என்னங்க? செருப்பா? வேண்டாங்க. செருப்பெல்லாம் போட்டு ஒண்ணும் பண்ண வேண்டாம். யாரு உங்களுக்குச் சொன்னது?

நானா.

போன வருசமா. நானா சொன்னேன். அப்ப இருந்து அப்படித்தான் குளிக்கறீங்களா?

கொழந்தைகளுமா?

இல்லைங்க, லைன்ல இருக்கேன். பஸ்ல இருக்கேன், அதான். கேளுங்க. இப்ப பாத்ரூம்ல யாராவது இருக்காங்களா? வெளிய வரச் சொல்லுங்க. குழாயைத் தொட வேண்டாம், மூட வேண்டாம், ஓடினா ஓடட்டும். அப்படியே வரச் சொல்லுங்க. நான் இருக்கேன், சொல்லிட்டு வாங்க.

வந்துட்டாங்களா? ஒண்ணும் ஆகலையே? சரி. சரிங்க. கையைத் துடைச்சுக்கிட்டு மீட்டர் பெட்டிக்குப் போங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க. வீடு பூரா அணையட்டும். அணைஞ்சுதா? இனி அவரு வந்து பாக்கற வரைக்கும் யாரும் குளிக்க வேண்டாம். பச்சத்தண்ணியிலகூட வேண்டாம்.

கோவமெல்லாம் இல்லைங்க. சத்தமாப் பேசிட்டேனா? தப்பாச் சொல்லிட்டேங்க நான், போன வருசம். தப்பாச் சொல்லிட்டேன்.

ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. பேனா இல்லைன்னா கூடத்துச் செவுத்துலயே ஆணியால கீறிக்கோங்க. தொண்ணூத்தி நாலு. நாப்பத்தி மூணு. அப்புறம் ரெண்டு சைபரு. கடைசி நாலு, ஆறு ஒண்ணு ஆறு ஒண்ணு. ஆமா. என் மருமக எடுப்பா. மொதல்ல அவ என்ன கேக்கறாளோ அதுக்குப் பதில் சொல்லுங்க. அவ சொல்றபடி பண்ணுங்க.

இல்லைங்க, இந்த நம்பருக்கு இனி அடிக்க வேண்டாம். அந்த மஞ்ச ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டுருங்க.